நெருப்பை விடப் பறத்தல் நன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் நாகர்கோவிலில் ஒரு பொருட்காட்சிக்குப் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். கண்ணாடி மாட்டி ஐந்து நிமிடம் விளையாடவிடும் அரங்கொன்றில், உள்ளங்கையிலிருந்து நெருப்பை உமிழ்ந்து கட்டடங்களைத் தகர்க்கும் ஆற்றல் ஒன்றுதான் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அணுவாகச் சிறுக்கும் அணிமா, காற்றாய் இலேசாகும் லகிமா என்று எட்டுச் சித்திகளைப் பாடிய மொழியில் பிறந்த பிள்ளைக்கு வாய்த்த சித்தி இதுதானா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மெய்நிகர் உலகில் மீமனித ஆற்றல் தருவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், 60 பேரில் ஒரு பாதியினர் கைகளை அசைத்துத் தாமே நகரத்தின் மேல் பறந்தனர். மறு பாதியினர் ஹெலிகாப்டரில் பயணிகளாகச் சென்றனர். இரு பாதியிலும் சிலருக்கு, நீரிழிவு நோயுள்ள ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து இன்சுலின் சேர்க்கும் பணி தரப்பட்டது. மற்றவர்கள் நகரைச் சுற்றிப் பார்த்தனர். கண்ணாடியைக் கழற்றிய பின் ஆய்வாளர் தற்செயல்போலப் பேனாக்களைத் தட்டிவிட்டபோது, தாமே பறந்தவர்கள்தாம் அதிகமாக உதவினர். உதவ முன்வராத ஆறு பேரும் ஹெலிகாப்டரில் சென்றவர்களே. ஒருநாள் சோதனைதான், ஆளும் குறைவுதான் என்றாலும், பறக்கும் ஆற்றல் மனத்தைக் கெடுத்துவிடவில்லை என்பது தெளிவு.

மருந்துக்காகப் பறப்பது நமக்குப் புதிய கற்பனையும் அல்ல. இலக்குவனுக்காக அனுமன் சுமந்து பறந்த சஞ்சீவி மலையின் துண்டே நம் குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலை என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மலையுச்சியிலிருந்து கிளம்பி, குளச்சல் கடலில் புயலில் சிக்கிய வள்ளத்தைத் தேடிப் பறக்கும் விளையாட்டொன்றை மாவட்டத்தின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுப் பணியாக உருவாக்கலாமே.

ஆனால் பறப்பதில் ஓர் இடர் உண்டு. கண் பறப்பதாகச் சொல்ல, உடலின் சமநிலையை உணரும் உட்செவி நிற்பதாகச் சொல்வதால், சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டல் வரும். விரைந்து பறக்கும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்குவது இதைக் குறைக்கும். நான் பார்த்த அரங்கில் ஒரு நாற்காலிகூட இல்லை. பிள்ளைகள் நின்றபடியே தள்ளாடினர். அடுத்த பொருட்காட்சிக்கு அனுமதி தருவோர் நாற்காலியையும், அருகில் நின்று கவனிக்க ஓர் ஆளையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.