கோரிக்கை மனு: குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
குழந்தைகள் பகல் காப்பகத்தின் பெற்றோர்கள், பணியாளர்கள்

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய பெயின்டில் உள்ள ஈயம் உள்ளிட்ட அன்றாட ரசாயனங்களால் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்படும் பாதிப்பை ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: பிப்ரவரியில் நேரில் கொடுத்த மனு, ஏப்ரலில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, ஜூலையில் கொடுத்த நினைவூட்டல். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு உண்டு. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காப்பகக் கட்டடத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடத் தடுப்பூசி முகாம் அதன் வராந்தாவில்தான் நடந்தது. தாங்கள் சுவரில் சாய்ந்து நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். கிளம்பும்போது சட்டையின் முதுகில் பச்சையாகத் தூள் ஒட்டியிருந்தது. தங்கள் உதவியாளர் அதைத் தட்டிவிட்டார். அந்தத் தூளைப் பற்றித்தான் இந்த நான்காவது மனு.

1. காப்பகத்தின் உள்சுவர்களில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயின்ட். ஜன்னல் கம்பிகளுக்கு மஞ்சள். இரண்டும் பல அடுக்கு. பழைய பெயின்டுகளில் மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். அதோடு நீலத்தைக் கலந்து பச்சையும் செய்தார்கள். மேலே புதிதாக ஒரு கோட் அடித்தாலும் அடியில் இருப்பது போய்விடாது. உரியும்போது எல்லா அடுக்கும் சேர்ந்தே உரிகிறது.

2. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைவான குழந்தை என்றால் அதைவிடவும் அதிகம். ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தை, ஏறக்குறைய 80 கோடிப் பேர், இந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் 2020-இல் அறிக்கை வெளியிட்டது. எங்கள் குழந்தைகள் அந்தக் கணக்கில் வருகிறார்களா என்பதைத்தான் பிப்ரவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

3. இதை எழுதுகிறவள் என்பதால் என் மகளைப் பற்றியே சொல்கிறேன், மன்னிக்கவும். அவளுக்கு இரண்டரை வயது. காப்பகத்தில் அவளுக்குப் பிடித்த இடம் ஜன்னல் திட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்ப்பாள். பல் முளைத்த சமயத்தில் அந்தக் கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்பாள். அவள் உயரத்துக்குச் சரியாக ஒரு இடத்தில் மஞ்சள் போய் இரும்பு தெரிகிறது, பல் தடமும் தெரிகிறது. ஈயப் பெயின்ட் லேசாக இனிக்குமாம். அதனால்தான் குழந்தைகள் திரும்பத் திரும்ப வாய் வைக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

போன மார்கழியிலிருந்து வயிற்று வலி, மலச்சிக்கல், காரணமில்லாத அழுகை. "நிலா", "பூனை", "மேல தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது விரலை மட்டும் காட்டுகிறாள். கைக்காசு போட்டு ரத்தம் பரிசோதித்தோம். 14. தங்களிடம் கொடுத்த இரண்டாவது மனுவில் அந்தச் சீட்டின் நகல் இருக்கிறது.

மருந்து கேட்டோம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-க்கு மேல் போனால்தான் கொடுப்பார்களாம். அதற்குக் கீழே இருந்தால், ஈயம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து அதை அகற்றுவதுதான் வைத்தியம். அதாவது, என் மகளுக்கான மருந்து தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

ஏப்ரல் மனுவுக்குப் பதில் கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் காலையில் இரண்டு பேர் உப்புத்தாளோடு வந்தார்கள். யாருக்கும் முன்கூட்டித் தகவல் இல்லை. குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐயா, ஈயப் பெயின்டை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, தீயால் உரிக்கக் கூடாது. நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், அறையைக் காலி செய்துவிட்டு, தார்ப்பாய் விரித்து. இது தங்கள் துறைக்குத் தெரியாதா? மதியம் தூங்கும் பாய்களின் மேல் பச்சைத் தூள் படிந்திருந்ததை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். பாதிச் சுவர் தேய்த்ததும், மதிப்பீடு வரவில்லை என்று சொல்லிப் போனவர்கள்தான். இன்று வரை வரவில்லை. முன்பு உரிந்துகொண்டிருந்த சுவர் இப்போது கொட்டுகிறது. நாங்கள் சும்மா இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

4. காப்பக உதவியாளர்களில் ஒருவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. உடம்பில் சேரும் ஈயம் கால்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கி, பல வருடங்கள் அங்கேயே கிடக்கும். கர்ப்ப காலத்தில் சிசுவுக்காக எலும்பு கரையும்போது அதுவும் ரத்தத்துக்குத் திரும்பி வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. ஒன்பது வருடமாக அந்த அறைகளைப் பெருக்கியவர் அவர்தான்.

5. ஈயம் மட்டும்தானா என்றால், இல்லை. மூடிய அறையில் கொசுவர்த்தி. கழிவறையில் பிளீச்சிங் பவுடரும் ஆசிடும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும் என்று யாரும் சொல்லித் தராததால், ஒரு முறை கலந்து ஊற்றி, துப்புரவு அம்மா இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் "அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது" என்று தங்கள் அலுவலகத்தில் எழுதிவிடலாம். எல்லாம் ஒரே அறையில், ஒரே நாளில், 11 கிலோ உடம்புக்குள் போகிறதே, அந்தக் கூட்டுத்தொகையை யார் போடுவது? அதற்குத்தான் ஆய்வு கேட்கிறோம்.

6. ஜூலையில் நினைவூட்டல் கொடுக்கப் போனபோது, "பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். ஐயா, ஈயம் காய்ச்சல் மாதிரி வந்து நெற்றியில் சுடாது. அளந்து பார்த்தால்தான் பட்டியலே கிடைக்கும். அளப்பதற்குப் பட்டியல் கேட்டால் நாங்கள் எங்கே போவது? என் மகளின் பேச்சு நின்றது ஈயத்தால்தானா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. நான் மருத்துவர் இல்லை. தெரிந்துகொள்ளும் வசதி தங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஒன்று மட்டும் படித்திருக்கிறேன்: ஈயத்தால் மூளைக்கு ஏற்பட்ட சேதம், பிறகு ரத்தத்தில் அளவு இறங்கினாலும் திரும்பச் சரியாவதில்லை. அப்படி இருக்கும்போது "பிறகு" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: காப்பகத்தின் 31 குழந்தைகளுக்கும், கர்ப்பிணி உதவியாளருக்கும், துப்புரவு அம்மாவுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பெயின்ட், தரைத் தூசி, குழாய்த் தண்ணீர் மூன்றிலும் மாதிரி எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று ஒரு வருடமாவது தொடர்ந்து பார்த்து, முடிவுகளை எங்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் குழந்தைகளை வேறு கட்டடத்துக்கு மாற்றித் தர வேண்டும். மாற்ற முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

முதலில் ரத்தம். மற்றதெல்லாம் அப்புறம்கூட இருக்கட்டும். தயவுசெய்து ரத்தத்தை மட்டுமாவது பாருங்கள்.

பெருக்குவதை நிறுத்திவிட்டு, இப்போது தினமும் ஈரத்துணியால்தான் துடைக்கிறோம். ஒரே ஒரு ஜன்னல் திட்டை மட்டும், தாங்கள் மாதிரி எடுப்பதற்காக, துடைக்காமல் அட்டையால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். மூடிய தேதியை அட்டை மேலேயே எழுதியிருக்கிறோம். டேப் இரண்டு தடவை பிய்ந்து, மாற்றி ஒட்டிவிட்டோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள், பணியாளர்கள்
(கையொப்பங்களும் இரண்டு கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)