ஜோடித் தலையணை உறை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் வீட்டாரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

பார்சலில் ஒரு தலையணை உறையின் வாய் தைத்திருப்பதைப் பார்த்து, வயதாகிவிட்டது, மறந்துபோய்த் தைத்துவிட்டாள் என்று வேறு யாரும் நினைக்கலாம். நீ நினைக்கமாட்டாய். பிரித்துப் பார்ப்பாய் என்று தெரிந்துதான் கடிதத்தை உள்ளே வைத்தேன். ஓட்டுத்தையல்தான் போட்டிருக்கிறேன், நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுகிறாய். முன்பு அப்படிப் பேசமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பார்சலில் தின்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அந்த ஊரில் பிரித்துப் பார்த்து எடுத்துவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னான். மேஜை விரிப்பு ஒன்று, சுவரில் மாட்டும் பூத்தையல் வளையம் ஒன்று, இந்த உறை. அப்புறம் உனக்குத் தைக்க 2 மீட்டர் கேசிமென்ட் துணி, ஆங்கர் நூல், ஊசி. துணியை நான் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுச் சுருங்க வைத்துக் காயவைத்துவிட்டேன், நீ அப்படியே தைக்கலாம். மேஜை விரிப்பில் சிவப்பு மட்டும் டவுன் கடையில் வாங்கிய சாதா நூல். நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. இருந்தாலும் தனியாகவே அலசு. இஸ்திரி போடும்போது தடித்த துண்டை விரித்து, பூ இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துப் பின்பக்கம் தேய். மேல்பக்கம் தேய்த்தால் முடிச்சுப் பூவெல்லாம் நசுங்கிவிடும். இது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன்.

நூலை முழத்துக்கு மேல் வெட்டாதே. அவசரத்தில் நீளமாக வெட்டுகிறவள் நீ. நீள நூல் துணிக்குள் போய்ப் போய் வரும்போது தேய்ந்து மயிர் கிளம்பிவிடும், பாதியில் சிக்கும்.

போன ஞாயிறு கோவிலுக்குப் போகுமுன் வீடியோவில் பேசினாயே, அப்போது நீ டீ எடுக்க எழுந்து போனாய். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தாய் போல, ஹால் சோபா தெரிந்தது. சோபாவில் மடித்த போர்வை, அதன் மேல் தலையணை. நான் தைத்த உறை. இடது பக்கம் பார்க்கிற கிளி.

உன் கல்யாணத்துக்கு அந்த ஜோடி உறையை எப்படித் தைத்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கிளிகள் ஒரே மாதிரி இருந்தால் போதாது, கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மூக்கும் மூக்கும் எதிரெதிரே வர வேண்டும் என்று நீதான் சொன்னாய். வெண்ணெய்த்தாளில் ஒரே கிளியை வரைந்து, கோடு முழுக்க ஊசியால் குத்தி, ஒரு துணியில் நேராக வைத்தும் மற்றதில் தாளைத் திருப்பி வைத்தும் மண்ணெண்ணெயில் நீலம் கலந்து தடவி எடுத்தோம். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் என்று அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு கிளிக்கு 11 நாள். இறக்கைக்கு மூன்று பச்சை. கரும்பச்சையில் தொடங்கி, நெட்டையும் குட்டையுமாகத் தையலை விட்டு, அந்த இடைவெளிக்குள் அடுத்த பச்சையைக் கோத்துக்கொண்டே போனேன், ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று. கண்ணுக்கு மட்டும் ஆறு இழையில் ஒரே இழையைப் பிரித்தெடுத்து முடிச்சுப் போட்டேன்.

வலது பக்கம் பார்க்கிற கிளி எங்கே? துவைக்கப் போட்டிருப்பாய். குளிர்காலத்தில் காய நாளாகும். சரி. இரண்டையும் சேர்த்தே துவை, தனித்தனியாகத் துவைத்தால் ஒன்று சீக்கிரம் வெளுத்துவிடும்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணன் மகனுக்குப் பல் விழுந்தது. மழை இல்லை. சின்ன அத்தை வீட்டுப் பேத்திக்கு ஞானஸ்நானம், பேர் தைத்த வளையம் கேட்டாள், செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னும் 4 பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் பேர், பிறந்த தேதி, சுற்றி சின்னச் சின்ன ரோஜா, ஊசியில் நூலைச் சுற்றிச் சுற்றி எடுப்போமே, அந்த ரோஜா. ஒரு வளையம் 650 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். நூலும் துணியும் போக மீதி நிற்கிறது.

உன் வேலையைப் பார்த்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டு வைத்தாயே, பெரிய டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியவில்லை என்றார்கள். நான் 26 வருஷம் தையல் டீச்சராக இருந்திருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், பின்பக்கம் முடிச்சே இல்லாமல் தைத்தவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். என் பிள்ளை அதில் ஒருத்தி. அதை உன்னிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஊசியைத் தொடவில்லை என்கிறாய். நேரம் இல்லையாம். மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. கட்டைவிரலை வைத்து நான் என்ன தெரிந்துகொள்ள? உன் அண்ணிக்காவது நாலு வரி எழுதக்கூடாதா? பெற்றவளுக்கு மனம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

கோபமாக எழுதிவிட்டேன். மேலே உள்ளதை அடிக்கலாம் என்று பார்த்தேன், அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பாய், அதனால் விட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. நூலை நீளமாக வெட்டாதே.

நேற்று உன் ஆச்சியின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். லேஸ் துண்டுகள் அப்படியே நீலத்தாளுக்குள் இருக்கின்றன. ஆச்சி மடியில் திண்டை வைத்துக்கொண்டு, குண்டூசி குத்தி, மரக்குச்சிகளை இடதும் வலதுமாக மாற்றி மாற்றிப் போடுவாளே, அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஆச்சிக்கு இடையன்குடிக்காரர்களிடம் வந்த வேலை அது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்து 200 வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்கு வந்தபோது, தாய் வீட்டு வேலையைக் கூடவே கொண்டுவந்து அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லுவேன், நீயும் கேட்டிருக்கிறாய். ஆச்சி சொல்லும் இன்னொன்றை வகுப்பில் அவ்வளவாகச் சொன்னதில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்னாலேயே நாகர்கோவிலில் லேஸ் பின்னிய பெண்களில் அடிமைகளாக இருந்த சிலர், பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். ஆச்சி இதைச் சொல்லும்போது மட்டும் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுவாள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நூலையும் துணியையும் பற்றி நாலு பக்கம் எழுதியாயிற்று. அன்றைக்கும் இதைத்தான் செய்தேன்.

டிசம்பரில் நீ தனியாக வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். வந்த மூன்றாம் நாள் ராத்திரி, எல்லாரும் படுத்தபிறகு, தார்சாவில் நான் உட்கார்ந்து அத்தை வீட்டுப் புதுமனைக்குக் கொடுக்க வேண்டிய படத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தாய். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, நான் திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன?" என்று கேட்டாய்.

நான் தலை நிமிரவில்லை. "அந்தப் பச்சையில் இரண்டு இழை பிரித்துக் கொடு" என்றேன்.

நீ பிரித்துக் கொடுத்தாய். உன் கை நடுங்கியது. இழையை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சிக்காமல் உருவி எடுப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது, அன்றைக்கு மூன்று தரம் சிக்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கல்யாணமான புதிதில் எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வரும், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். மூன்று வருஷம் ஆன பிள்ளையிடம் கல்யாணமான புதிதில் என்றேன். நீ "சரிம்மா" என்று எழுந்து போய்விட்டாய். மறுநாளிலிருந்து கேக், கேரல் கீதம், கோவில் என்று சிரித்துக்கொண்டே இருந்தாய். நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

வந்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய். நம் ஊரில் டிசம்பரில் அப்படி என்ன குளிர்? அண்ணிகூடக் கேட்டாள். அந்த ஊர்ப் பழக்கம் என்று நான்தான் பதில் சொன்னேன். உன்னைக் கேட்காமல் நானே சொன்னேன். உள்ளே என்ன என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டி வரும். கோவிலில் கேட்பார்களே, அப்பா தாங்கமாட்டாரே, நகை போட்டு இத்தனை பேரை அழைத்துச் செய்தோமே என்று இதெல்லாம்தான் என் மனதில் ஓடியது. உன்னை அதற்கு அப்புறம்தான் நினைத்தேன். பெற்ற தாய் இப்படி எழுதக்கூடாது. ஆனால் அதுதான் நடந்தது பாப்பா. ஏழு மாதமாக ராத்திரி விழிப்பு வந்தால் அந்த இரண்டு இழை பச்சைதான் கண்ணில் நிற்கிறது. அந்தப் படத்தை அத்தைக்குக் கொடுக்கவில்லை. வேறொன்று தைத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பைத்தியக்கார அம்மா என்று சிரித்துவிட்டு இதைக் கிழித்துப் போடு. தப்பாக இல்லையென்றால் கீழே உள்ளதை நன்றாக வாசி.

தபால் ஆபீஸ் கணக்கில் என் பேரில் 86,400 ரூபாய் இருக்கிறது. பென்ஷன் பணம் வேறு, இது வளையமும் உறையும் மேஜை விரிப்பும் விற்றுச் சேர்த்தது. அப்பாவுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கிரில் கதவு போடலாம் என்று சேர்க்க ஆரம்பித்தேன். கிரில் கிடக்கட்டும். டிக்கெட்டுக்குக் காணும் என்று அண்ணனிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா? அதை முதலில் பார். உன் கையில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள். வேலையை விடாதே, வேலை இருக்கிற வரை அங்கே நாலு பேருக்கு உன்னைத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோவிலில் கேட்பவர்களுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் அறையில் தையல் மிஷினைப் போட்டிருந்தேன், போன வாரம் எடுத்து ஹாலில் வைத்துவிட்டேன். கட்டிலுக்கு வெயில் காட்டியாயிற்று.

போனில் விவரமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். யார் பக்கத்தில் இருந்தாலும், "பச்சை நூல் தீர்ந்துவிட்டதும்மா" என்று மட்டும் சொல். எந்தப் பச்சை என்று நான் கேட்கமாட்டேன். அன்றைக்கே பணத்தை எடுத்து அண்ணனிடம் கொடுப்பேன், எதற்கு என்றும் அவனிடம் சொல்லுவேன்.

வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. கிழித்துவிட்டு உறையின் வாயை நான் தைத்தது போலவே தைத்து வை. ஊசி வெள்ளை நூல்கண்டில் குத்தியிருக்கிறது, பார்த்து எடு.

அம்மா