2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: நம் ஊரில் வாழ்பவர் யார் யார்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆண்டு முழுவதும் மாதந்தோறும் கூடியது. ஏரி வாய்க்கால் தூர்வாரியது, படிப்பகத்துக்கு நாற்காலி வாங்கியது, மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தியது ஆகியவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் வாசிப்பார். சென்ற பேரவை நமக்கு ஒப்படைத்த பெரிய பணி ஊரின் சமூக விவரத் திரட்டு என்பதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்குகிறேன்.

இப்பணி தொடங்கிய விதத்தை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவில் வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது, தாம் வாழும் சிற்றூரின் மக்கள்தொகைப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டினார். அந்நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் ஒவ்வொருவரிடமும் இனத்தைக் கேட்கிறார்கள். சில நூறு பேர் வாழும் ஊருக்கும் வெள்ளையர் இவ்வளவு, கறுப்பினத்தவர் இவ்வளவு, ஆசியர் இவ்வளவு என்று விழுக்காடு வெளியிடுகிறார்கள். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்பது அங்கே 2000ஆம் ஆண்டுக் கணக்கில்தான் வந்தது. "நம் ஊருக்கும் இப்படி ஒன்று போட்டால் என்ன?" என்று அந்தத் தம்பி கேட்டார். பேரவையும் ஆர்வத்தோடு ஒப்புக்கொண்டது.

இந்தியக் கணக்கெடுப்பில் இனம் என்ற கேள்வி கிடையாது. சமயமும் தாய்மொழியும் உண்டு. பட்டியல் சாதியினரையும் பட்டியல் பழங்குடியினரையும் தவிர மற்றவர்களின் சாதி, விடுதலைக்குப் பின் நடந்த எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எண்ணப்படவில்லை. கடைசியாக முழுமையாக எண்ணி வெளியிட்டது 1931இல் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அது பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கு. பெண்ணையாற்றுக்கு அக்கரையில் உள்ள கடலூர் அதில் உண்டு. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியும் நம் ஊரும் அதில் இல்லை. ஆகவே 2027இல் வரவிருக்கும் சாதிவாரிக் கணக்கு நாட்டுக்கு நீண்ட இடைவெளிக்குப் பின் வருவது; நமக்கோ இந்தியக் கணக்கில் இதுவே முதல் முறை. இதை உறுப்பினர்கள் மனத்தில் இருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெருவுக்கு இருவராகத் தன்னார்வலர் சென்று, குடும்பத்தார் தம்மை எந்தப் பெயரால் சொல்கிறார்களோ அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தோம். வன்னியர், ஆதிதிராவிடர், மீனவர், ரெட்டியார், நாயுடு, இசுலாமியர், கிறித்தவர் என்று நாம் அறிந்த பெயர்கள்தாம் வந்தன. ஆயினும் எழுதும்போதுதான் ஒவ்வொரு பெயருக்கு உள்ளேயும் எத்தனை கோடுகள் ஓடுகின்றன என்பது தெரிந்தது. வீட்டுக்குள் தெலுங்கு பேசிக்கொண்டு, தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதச் சொன்னவர்கள் உண்டு, அப்படியே எழுதினோம்.

ஆதிதிராவிடர் தெருவில் ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சான்றிதழ் வேறு. புதுச்சேரிக்கான பட்டியல் சாதியினர் ஆணை 1964 மார்ச் 5ஆம் நாள் வந்தது. அன்று இந்த ஆட்சிப்பகுதியில் வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பூர்வீகர். பிறகு வந்தவர்கள் குடிபெயர்ந்தோர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து எடுப்பது நம் ஊருக்குப் புதிதன்று. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வந்த மருமகள் தாளில் குடிபெயர்ந்தவர் ஆகிவிடுகிறார். அதே தெருவில் அண்ணன் இந்துவாகவும் தம்பி கிறித்தவராகவும் உள்ள குடும்பத்தில், இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கும் விதியால், அண்ணன் ஒரு பத்தியிலும் தம்பி வேறு பத்தியிலும் எண்ணப்படுவர். அவர்கள் உண்பது ஒரே அடுப்பில்தான்.

ஊர் மக்கள் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்று அழைக்கும் வீட்டில் நாங்கள் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். 1962 ஆகஸ்டு 16ஆம் நாள், புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வீட்டுப் பெரியவரின் தந்தை பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவில் பணியாற்றியவர்; எழுதிக் கொடுத்தார். அவர் மணந்தது சைகோனில் கண்ட ஒரு வியத்நாமியப் பெண்ணை. தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய பிரெஞ்சுப் பத்திரம் ஒன்றையும், கொண்டை முடிந்து கண்டாங்கிச் சேலை உடுத்திய அந்த அம்மையாரின் படத்தையும் பெரியவர் எடுத்து வைத்தார். என்ன எழுதிக்கொள்ளட்டும் என்று தயங்கிக் கேட்டேன். "எங்கம்மா இந்த ஊர் ஏரித்தண்ணி குடிச்சு, இந்த ஊர்க் காட்டுலதான் வெந்தா. தமிழர்னு எழுதுங்க தம்பி" என்றார். பிரான்சு நாட்டுக் கணக்கெடுப்பும் இனத்தைக் கேட்பதில்லை. அவ்வீட்டாரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இரு நாட்டுக் கணக்கும் தடுமாற வேண்டியதில்லை. தடுமாறியது நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து, செயற்குழுவின் பிழை ஒன்றைப் பேரவை முன் வைக்க வேண்டியவனாக இருக்கிறேன். பணி முடிந்ததாகக் கருதி ஏட்டைச் சரிபார்த்தபோது, ஏரிக்கரைக் குடிசைகளில் வாழும் இருளர் குடும்பங்கள் ஒன்றுகூட அதில் இல்லை. வேண்டுமென்று யாரும் விடவில்லை. தெருவாரியாகப் பணியைப் பிரித்துக் கொடுத்தோம். ஏரிக்கரை எந்தத் தெருவிலும் சேராதது. நம் வயல் எலியைப் பிடித்தவர்கள், நம் சவுக்குத் தோப்புக்குக் காவல் இருந்தவர்கள், நம் வீட்டுக்குள் நுழைந்த பாம்பைக் கூப்பிட்ட குரலுக்கு வந்து பிடித்துச் சென்றவர்கள் ஊர் என்று நாம் எழுதிய ஏட்டில் இல்லாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர்களிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம். பிறகே எழுத அமர்ந்தோம்.

அங்கே ஒரு குடும்பத்தில் தகப்பனாரின் பழைய தாளில் வில்லி என்றும், மூத்த மகனின் பள்ளிச் சான்றில் இருளர் என்றும், இளையவனுடையதில் வேட்டைக்காரர் என்றும் இருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்பது அவர்களுக்கே உறுதியாகச் சொல்லப்படவில்லை. புதுச்சேரியில் நெடுங்காலம் பட்டியல் பழங்குடி என்று எவரும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2011 கணக்கில் இந்த ஆட்சிப்பகுதியில் வாழ்ந்த 12,47,953 பேரில் பட்டியல் பழங்குடியினர் என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. அக்கரையில் கடலூரில் அதே இருளர், இவர்களின் மாமன் மச்சான், அப்போதும் பட்டியல் பழங்குடியினர். 2016 டிசம்பரில்தான் குடியரசுத் தலைவர் ஆணை வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளரைப் புதுச்சேரிக்கும் அறிவித்தது. ஆகவே 2027 கணக்கில்தான் அந்த இடம் முதன்முறையாக நிரம்பும்; எந்த அளவுக்கு நிரம்பும் என்பது ஏரிக்கரைக்கு யார் போகிறார் என்பதைப் பொறுத்தது. இப்படிக் காத்திருந்தவர்கள் இவர்கள் மட்டுமல்லர். தமிழ்நாட்டு நரிக்குறவரும் 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

திரட்டிய எண்களை இங்கே நான் வாசிக்கவில்லை. சிலர் இதைக் குறையாகக் கருதக்கூடும் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிற்றூரில் எண் என்பது பெயர்தான். வியத்நாமிய வழியினர் ஒரு குடும்பம் என்று பலகையில் எழுதினால், அது எந்த வீடு என்று கேட்க வேண்டியவர் இங்கே யாரும் இல்லை. சமூகம் மாறி மணந்துகொண்ட இணையர் இருவர் உள்ள ஊரில் அவர்களை ஒரு வரியாக எழுதுவது அவர்கள் வாசலில் சுவரொட்டி ஒட்டுவதற்குச் சமம். அந்தத் தம்பி காட்டிய அமெரிக்கக் கணக்கிலும் இந்தக் கவலை உண்டு. தனி ஆளை அடையாளம் காண முடியாதபடி, 2020 கணக்கில் சிற்றூர் அளவிலான எண்களைத் தெரிந்தே சிறிது மாற்றித்தான் வெளியிட்டார்கள். நமக்கு எண்ணை மாற்றத் தேவையில்லை. ஏடு சங்கப் பெட்டியில் பூட்டி இருக்கும். ஒரு குடும்பம் கேட்டால் அதன் பக்கம் மட்டும் அதற்குக் காட்டப்படும். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியினர் கேட்டாலும் தரப்படமாட்டாது. இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பேரவையை வேண்டுகிறேன்.

அரசின் வீட்டுப் பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள்ளும், ஆட்கள் கணக்கு 2027 பிப்ரவரியிலும் நடக்கும். கணக்கிடும் நேரம் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். பிப்ரவரி செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் உரிய காலம். ஏரிக்கரைக் குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கிய சூளைகளுக்குப் போய்விடுவார்கள்; குடிசைக் கதவு சாத்தியிருக்கும். சூளையிலும் அவர்களை யாரும் எண்ணாமல் போகக்கூடும். எனவே அவர்கள் புறப்படும் முன் எந்தச் சூளை, எத்தனை பேர் என்று எழுதி வைத்து, கணக்கெடுப்பவரிடம் தெரிவிக்கும் பொறுப்பைச் செயற்குழு ஏற்கிறது. இருளர் சமூகச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர, ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவுகளைப் படித்துச் சொல்லக்கூடிய மூத்த உறுப்பினர்கள் முன்வந்தால் பேருதவியாக இருக்கும்.

வீடு வீடாக நடந்த இளைஞர்களுக்கும், ஏரிக்கரையில் எங்களை உட்கார வைத்துத் தேநீர் தந்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்