பூட்டுச் சின்னத்தை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையக் கடைகளில் பொருள் வாங்குவோருக்கான எச்சரிக்கைகள் அடங்கிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். தேவையான கட்டுரைதான். ஆனால், ‘முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம்’ என்ற வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் இருப்பார்கள்.

அந்தப் பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை வழியில் எவரும் பிரிக்க முடியாது, சரி. அதைப் பெற்றுக்கொள்பவன் திருடனாக இருந்தால் முத்திரை என்ன செய்யும்? இந்தப் பூட்டு தெரிவதற்கு ஒரு தளம் பெற வேண்டிய சான்றிதழை ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு 2015ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே வழங்கி வருகிறது. நேர்மையான சிறு தளங்களுக்கு அது பெரிய உதவி. மோசடிக்காரர்களும் அதே வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறார்கள். கூகுள் நிறுவனம் 2021இல் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான பொருளை அறிந்திருந்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023இல் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். நாம் மட்டும் இன்னும் பூட்டைத் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பார்க்க வேண்டியது முகவரியை. அதிலும் அதன் தொடக்கத்தை அல்ல. தளத்தின் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டை (/) கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்து வர வேண்டும். ‘பெரியகடை.காம்.சலுகைவிற்பனை.நெட்/’ என்று ஒரு முகவரி இருந்தால், அந்தத் தளம் பெரியகடையினுடையது அல்ல. சலுகைவிற்பனை என்ற பெயரைப் பதிவுசெய்தவருடையது. முன்னால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளைப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்துகளைக் கலந்து ஏமாற்றுபவர்களும் உண்டு. அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஆகவே விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்பைத் தொடாமல், வழக்கமான செயலியைத் திறந்தோ முகவரியை நாமே தட்டச்சு செய்தோ போவது மேல்.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து சென்ற ஒன்றைத்தான் நான் முதலில் வைத்திருப்பேன்: பணத்தை எந்த வழியில் கொடுக்கிறோம் என்பது. கடன் அட்டையில் கொடுத்த பணத்துக்கு, பொருள் வரவில்லை என்றால் வங்கியிடம் ஆட்சேபம் தெரிவித்துத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அதற்குக் காலக்கெடுவும் உண்டு; ‘நாளை வந்துவிடும், நாளை மறுநாள் வந்துவிடும்’ என்று விற்பவர் இழுத்தடிப்பதே அந்தக் கெடு கழியட்டும் என்றுதான். டெபிட் அட்டையிலும் முறையிடலாம், ஆனால் தகராறு முடியும்வரை காணாமல் போயிருப்பது நம் சொந்தப் பணம். நேரடி வங்கிப் பரிமாற்றம், பரிசு அட்டை எண், கிரிப்டோ நாணயம் ஆகியவற்றில் கொடுத்தது பெரும்பாலும் போனதுதான். ‘அட்டை வேண்டாம், கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் இன்னும் தள்ளுபடி’ என்று ஒரு கடை கெஞ்சினால், அந்தத் தள்ளுபடி எதற்கு என்று யோசிக்க வேண்டாமா?

அவசரப்படுத்தும் கடிகாரங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சுமார் 11,000 விற்பனைத் தளங்களை ஆராய்ந்தபோது, ‘சலுகை முடிய இன்னும் சில நிமிடங்களே’ என்று ஓடும் கடிகாரங்களில் பல வெறும் பொம்மைகள் என்று தெரிந்தது. நேரம் முடிந்த பிறகும் அதே சலுகை அங்கேயே இருந்தது. இவை எல்லாமே திருட்டுக் கடைகளும் அல்ல. பெயர் பெற்றவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

இன்னொரு பொறி, பணம் கட்டிய பிறகு வருகிறது. ‘உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்ற செய்தி ஏதோ ஒரு பொருளுக்காகக் காத்திருப்பவரிடம் எளிதாகப் பலிக்கும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) கேட்பவரும் இந்த ரகம்தான். பணம் பெறுவதற்கு அந்த எண்ணை யாரிடமும் சொல்லத் தேவையே இல்லை.

ஏமாந்துவிட்டால் உடனே என்ன செய்வது என்பதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடக் கூடாது, அங்கும் போலி எண்கள் உலவுகின்றன. அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணில் அழைத்து அட்டையை முடக்க வேண்டும். ரசீதையும் விற்பவருடன் நடந்த உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தத் தளம் மறுநாள் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்