விருந்தாளியின் பெயர் சுவரில் இருக்கிறது, விடுதிக்காரரின் பெயரையும் எழுதுங்கள்

இங்கிலாந்தின் பழைய விடுதிகளை இன்று கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை நடத்த ஆட்களை அமர்த்துகிறவர்களுக்கும், முக்கியமாக லூயிஸ் நகரத்து ஒயிட் ஹார்ட்டுக்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். பழைய விடுதி எதை எடுத்தாலும், அங்கே தங்கிப் போனவர்களின் பட்டியல்தான் முன்னால் நிற்கிறது. ராஜா ஒரு ராத்திரி தூங்கினார், எழுத்தாளர் ஒருவர் சாப்பிட்டார், தளபதி ஒருவர் குதிரை மாற்றிக்கொண்டார் என்று எல்லாம் எழுதி வைக்கிறோம். அந்த ராத்திரி அவருக்குப் படுக்கை விரித்தவர், சமைத்துப் போட்டவர், குதிரைக்குப் புல் வாங்கியவர், அதற்கெல்லாம் கடன் பட்டவர் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பழைய விடுதியிலும் வாசலுக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும் இடத்தில், அந்த இடத்தை நடத்தியவர்களின் பெயர்களை, கிடைக்கிற வரைக்கும், ஆண்டுகளோடு எழுதி வையுங்கள்.

ஏன் ஒயிட் ஹார்ட்டைத் தனியாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் குறை அங்கே போல வேறெங்கும் எனக்கு உறைத்ததில்லை. சசெக்ஸில், லூயிஸ் நகரத்தின் ஹை ஸ்ட்ரீட்டில், நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிற கட்டடம் அது. முகப்பு பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது, உள்ளே இருப்பது அதைவிடப் பழையது. முதலில் பெல்ஹம் என்ற பெரிய குடும்பத்தின் நகரத்து வீடாக இருந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுதியானது. அதன் சுவரில் உள்ள பலகை தாமஸ் பெயினைப் பற்றிப் பேசுகிறது. அமெரிக்க விடுதலையின் தொட்டில்களில் ஒன்று இந்த விடுதி என்றே சொல்கிறது. சரி, அது நியாயமான பெருமைதான். 1768இல் கலால் அதிகாரியாக லூயிஸுக்கு வந்த பெயின், 1774 வரை அந்த ஊரில் வாழ்ந்தார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், கலால் ஊழியர்களின் சம்பளத்துக்காக வாதாடி எழுதினார், ஒயிட் ஹார்ட்டில் கூடிய ஒரு விவாதக் குழுவில் ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டினார். வேலையும் போய், குடும்பமும் பிரிந்து, பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு 1774இல் கப்பல் ஏறினார். 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் அவர் வெளியிட்ட சிறு நூல், மன்னராட்சியே வேண்டாம் என்று அமெரிக்கர்களிடம் பச்சையாகச் சொன்னது. இதெல்லாம் பலரும் அறிந்தது.

அதே சுவருக்குள் அவருக்கு முன்னால் வாழ்ந்த வில்லியம் வெரலை எத்தனை பேருக்குத் தெரியும்?

வெரல் அந்த விடுதியை நடத்தியவர், அவருக்கு முன் அவர் அப்பா ரிச்சர்ட் நடத்தினார். இளைஞராக இருந்தபோது, பின்னாளில் பிரதமரான நியூகாசில் பிரபுவின் சமையலறையில், குளூவே என்ற பிரெஞ்சுச் சமையல்காரரிடம் வேலை பழகினார். அன்றைய இங்கிலாந்தில் பிரெஞ்சுச் சமையல் என்றால் ஆடம்பரம், ஊதாரித்தனம், தேசத்துரோகம் என்கிற அளவுக்குத் திட்டு விழும். ஒரு ஜோடிப் பறவைக்குக் குழம்பு வைக்க இருபத்திரண்டு கௌதாரியைக் கொன்றார் என்று குளூவேயின் மேல் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. வெரல் 1759இல் தன் சொந்தச் செலவில் ஒரு சமையல் புத்தகம் அச்சிட்டார், அதில் தன் குரு மேல் விழுந்த இந்தப் பழியை எடுத்துப் பேசி, அவர் ஊதாரி இல்லை என்று சாட்சி சொன்னார். பல வருஷம் கழித்து, குரு வெளிநாடு போய்விட்ட பிறகு, தனக்கு எந்த லாபமும் இல்லாத இடத்தில் இதைச் செய்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

புத்தகத்தின் முன்னுரை இன்னும் அருமை. ஒரு கனவானின் வீட்டுக்கு விருந்து சமைக்கப் போகிறார். பாத்திரங்கள் எங்கே என்று கேட்டால், வேலைக்காரப் பெண் ஒரே ஒரு பாத்திரத்தைக் காட்டுகிறாள், அப்புறம் அவருடைய தொப்பியைப் போலவே கறுத்துப்போன ஒரு வறுசட்டி. சல்லடை கேட்கிறார், அது மணலோடு வருகிறது, ஏனென்றால் இன்னொருத்தி அதை எடுத்து மாடிப்படிக்கு மணல் தூவியிருக்கிறாள். நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் முதலில் சமையலறையைச் சுத்தமாக வையுங்கள், வேண்டிய பாத்திரம் வாங்கிக் கொடுங்கள் என்று ஊர்ப் பெரிய மனிதர்களிடம் ஒரு விடுதிக்காரர் அச்சில் சொல்கிறார். நினைத்துப் பாருங்கள், அவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள்.

அவர் எழுதிய ஒரு பதார்த்தத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரொட்டியை நெத்திலி நீளத்துக்கு நறுக்கி எண்ணெயிலோ வெண்ணெயிலோ வறுத்து, ஒவ்வொன்றின் மேலும் பாதி உப்பு நெத்திலியை வைத்து, பர்மேசான் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, சூட்டில் நிறம் வரும்வரை வைத்து, ஆரஞ்சோ எலுமிச்சையோ பிழிந்து தட்டில் குவிக்க வேண்டும். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் இது மேசையிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை என்கிறார். பரிமாறிவிட்டுக் காலித் தட்டைக் கவனித்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. கவிஞர் தாமஸ் கிரே இந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை வைத்திருந்து, தன் கைப்பட அதில் குறிப்புகள் எழுதியிருக்கிறார்.

புத்தகம் வந்த இரண்டே வருஷத்தில், 1761இல், வெரல் நொடித்துப்போனார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

வெரலின் கணக்குப் புத்தகம் என் முன்னால் இல்லை, அதனால் அவர் ஏன் விழுந்தார் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து விடுதிக்காரரின் தலையில் என்னென்ன விழுந்தது என்பது தெரிந்ததுதான். பெரிய மனிதர்கள் கடனுக்குச் சாப்பிட்டுப் போவார்கள், பணம் வந்தபோது வரும். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வாக்காளர்களுக்கு விருந்தும் சாராயமும் விடுதியில்தான் கொடுப்பார்கள், பாக்கி நாள்கணக்கில் இழுக்கும். படை ஊருக்குள் வந்தால் சிப்பாய்களை விடுதிகளில் தங்கவைக்கச் சட்டமே இருந்தது, 1689 முதல், அதுவும் அரசு நிர்ணயித்த குறைந்த கூலிக்கு. குதிரைகளுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீனி போட வேண்டும். இதற்கு மேல், வந்த பயணியை இடமிருந்தும் காரணமில்லாமல் திருப்பி அனுப்பக்கூடாது என்ற பொறுப்பு வேறு இருந்தது; அவர் உடைமை காணாமல் போனால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1584ஆம் ஆண்டின் ஒரு வழக்கிலேயே தெளிவாக எழுதப்பட்டது.

இந்தப் பொறுப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1943இல் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனைக் கறுப்பர் என்பதற்காக ஒரு லண்டன் ஓட்டல் தங்க விடாமல் அனுப்பியபோது, நிறவெறிக்கு எதிரான சட்டம் எதுவும் நாட்டில் இருக்கவில்லை. பயணியை மறுக்கக்கூடாது என்ற இந்தப் பழைய விடுதிக்காரர் கடமையைப் பிடித்துத்தான் அவர் 1944இல் வழக்கில் வென்றார். ஈடு வெறும் ஐந்து கினி (ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல்), ஆனால் தீர்ப்பு நின்றது. முகம் தெரியாத எத்தனையோ விடுதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த கடமை அது.

லூயிஸ் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பெயினையும் வெரல் என்ற பெயரையும் கட்டும் ஒரு முடிச்சு இருக்கிறது. பெயினை நேரில் அறிந்த கிளியோ ரிக்மன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. ஒரு நாள் பந்துருட்டி விளையாடிவிட்டு எல்லோரும் பஞ்ச் என்ற மதுபானம் குடித்துக்கொண்டிருக்கும்போது, வெரல் என்பவர் பிரஷ்ய மன்னன் பிரெடரிக்கைப் பற்றி, ராஜா என்றால் அவனைப்போல ஒருவன் கிடையாது, அவனுக்குள் அவ்வளவு பிசாசு இருக்கிறது என்கிறார். பெயினுக்கு அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ராஜாவாக இருக்கப் பிசாசுத்தனம் அவ்வளவு வேண்டுமென்றால், ராஜாக்களே இல்லாமல் சமாளித்துவிடலாமே என்று யோசிக்கத் தொடங்கினார். வில்லியம் அப்போது உயிரோடு இல்லை, பேசியவர் அதே பெயருடைய வேறொரு லூயிஸ்காரர். பலகை கொண்டாடுகிற அந்த யோசனைக்கு ஒரு பொறி ஊர்க்காரரின் வாயிலிருந்து வந்திருக்கிறது. அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் பெயினின் புகழ் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒயிட் ஹார்ட்டின் கதை அதோடு முடியவும் இல்லை. 1929இல் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் மீண்டும் உறவு தொடங்குவது பற்றி வெளியுறவு அமைச்சர் ஆர்தர் ஹெண்டர்சனும் சோவியத் தூதர் தோவ்கலேவ்ஸ்கியும் சந்தித்துப் பேசியது இதே விடுதியில்தான். அன்றைக்கு அவர்களுக்குத் தேநீர் வைத்தவர் யார் என்பதையும் தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.

லூயிஸ் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வில்ட்ஷயரில் டிவைசஸ் ஊரின் சந்தைத் திடலில் இருக்கும் ‘பேர்’ (கரடி) என்ற விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள், லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகிறவர்கள் இறங்கிப்போன இடம். 1773 வாக்கில் அதை ஏற்று நடத்தியவர் தாமஸ் லாரன்ஸ். விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்ததும் தன் சின்னப் பையனைக் கூட்டி வந்து, கவிதை சொல்லட்டுமா, இல்லை உங்கள் முகத்தை வரையட்டுமா என்று கேட்பாராம். பையன் வளர்ந்து சர் தாமஸ் லாரன்ஸ் ஆனான், 1820இல் ஓவியர்களின் அமைப்பான ராயல் அகாடமியின் தலைவருமானான். 1780இல் அங்கே தங்கிய நாவலாசிரியை ஃபானி பர்னி, அந்தப் பையனையும் பியானோ வாசித்த அக்காக்களையும் பற்றித் தன் நாட்குறிப்பில் வியந்திருக்கிறார். அப்பாவைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பனியிலும் இருட்டிலும் பயணிகள் வழி தவறாமல் இருக்க, சாலிஸ்பரி சமவெளியில் வெள்ளையடித்த உயரமான கம்பங்களை நட்டவர் அவர். அவரும் நொடித்துத்தான் போனார். அப்புறம் குடும்பம் பாத் நகருக்குப் போய், பையன் வரைந்த படங்களை விற்றுச் சாப்பிட்டது.

உங்களுக்கு இது பெரிய செலவே இல்லை. முன்பு சட்டமே உங்களைச் செய்யவைத்தது. உரிமம் வைத்திருப்பவரின் பெயர் வாசலுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும் என்ற விதி, 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது போய்விட்டது. இப்போது பொறுப்பாளரின் பெயர் உள்ளே எங்கோ மாட்டிய ஒரு தாளில் இருக்கிறது. உள்ளே வருகிற யாரும் அதைத் தேடிப் படிப்பதில்லை. மேலாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் நூறு வருஷத்தில் இவர்களும் வெரலைப் போலவே காணாமல் போவார்கள், அதுவும் புத்தகம் கூட எழுதாமல்.

பெயர்களைக் கண்டுபிடிப்பதும் முடியாத காரியமில்லை. 1753 முதல் 1828 வரை உரிமதாரர்களின் பதிவேடுகளை வைக்கச் சட்டம் இருந்தது. பல மாவட்டங்களில் அவை இன்றும் இருக்கின்றன. 1841க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர், தொழில், வீட்டில் தூங்கிய வேலைக்காரர்கள் உட்பட எல்லாம் உண்டு. வணிக விவரப் புத்தகங்கள் இருக்கின்றன. நொடித்தவர்கள் பெயர் அரசின் அறிவிப்பு இதழான லண்டன் கெஸட்டிலேயே வந்திருக்கும். கிழக்கு சசெக்ஸின் ஆவணங்கள் ஃபால்மரில் தி கீப் என்ற காப்பகத்தில் யாரும் போய்ப் பார்க்கும்படி இருக்கின்றன. தேடும்போது பெண்களைத் தவறவிடாதீர்கள். கணவர் செத்தபின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிப் பல வருஷம் விடுதி நடத்திய விதவைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், பட்டியல் போடுகிறவர்கள் அவர்களைத் தாண்டி அடுத்த ஆணின் பெயருக்குப் போய்விடுவது வழக்கம்.

லூயிஸில் ரிச்சர்ட் வெரல், வில்லியம் வெரல் என்று தொடங்குங்கள். இடையில் பெயர் கிடைக்காத ஆண்டுகளை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள், யாராவது ஒரு பேரப்பிள்ளை வந்து நிரப்பக்கூடும். கடைசியில் இன்றைக்கு அங்கே சாவியை வைத்திருப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் அந்த நெத்திலி ரொட்டியையும் உணவுப் பட்டியலில் போட்டு, பக்கத்தில் வெரலின் பெயரை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய விடுதிகளின் கதைகளைத் தேடிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்