பேட்டரி மாற்றினால் போதுமா, புதுப் போன் வாங்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போன் பழசாகிவிட்டது, சார்ஜ் நிற்பதில்லை, புதியது வாங்கிவிடலாமா?" என்று கேட்டு வருபவர்களிடம், முதலில் பேட்டரியைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றே நாங்கள் சொல்லி வருகிறோம். சிலருக்கு இது தட்டிக்கழிப்பதாகத் தோன்றியிருக்கலாம். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இன்றைய போனின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் பேட்டரியின் ஆயுள் வேறு. 2023இல் பிக்சல் 8 வரிசைக்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அறிவித்தன. லித்தியம் அயான் பேட்டரி அத்தனை ஆண்டுகள் அதே வலுவுடன் உழைப்பதில்லை. பயன்படுத்தினாலும், பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் அதன் கொள்ளளவு குறைந்துகொண்டுதான் இருக்கும். உகந்த சூழலில் 500 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சும்படி ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருப்பதாகவும், ஐபோன் 15 முதல் அது 1000 சுழற்சிகள் என்றும் ஆப்பிள் கூறுகிறது. மொத்தம் நூறு சதவீதம் சார்ஜ் செலவானால் ஒரு சுழற்சி. இன்று பாதியும் நாளை பாதியும் செலவானால் இரண்டு நாளுக்கு ஒன்று. நாளுக்கு ஒரு சுழற்சி என்று கணக்கிட்டால் ஆயிரம் சுழற்சிகள் மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். எனவே ஒரு போனை அதன் அப்டேட் காலம் முழுவதும் வைத்துக்கொள்ள நினைப்பவர், இடையில் ஒருமுறையாவது பேட்டரி மாற்றுவதை டயர் மாற்றுவதைப் போன்ற வழக்கமான செலவாகவே கருத வேண்டும்.

தேய்ந்த பேட்டரியின் அடையாளம் சார்ஜ் சீக்கிரம் தீர்வது மட்டுமன்று. திரையில் 28 சதவீதம் காட்டுகிறது, கேமராவைத் திறந்து பிளாஷுடன் ஒரு படம் எடுக்கிறீர்கள், போன் அணைந்துவிடுகிறது, சார்ஜரில் செருகியதும் மீண்டும் 25 சதவீதம் என்கிறது. பலர் இதை மதர்போர்டு கோளாறு என்று அஞ்சுகிறார்கள். பேட்டரி முதுமையடையும்போது அதன் உள் மின்தடை கூடுகிறது. ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் கேட்கப்பட்டால் மின்னழுத்தம் சட்டென விழுகிறது. போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது. இத்தகைய திடீர் அணைப்பைத் தவிர்ப்பதற்காகவே பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த மாடல்களில் பேட்டரியை மாற்றியதும் வேகம் திரும்பியது. போன் மந்தமாவதற்கெல்லாம் பேட்டரிதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. நினைவகம் நிரம்பிக் கிடப்பதும் ஒரு காரணமே. ஆனால் சோதிக்காமல் முடிவு கட்டுவது சரியன்று.

இனி பேட்டரியைப் பேணுவது குறித்து. மாதம் ஒருமுறை சார்ஜை முழுவதும் தீர்த்துவிட்டு நிரப்ப வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. இன்றைய பேட்டரிக்கு அது நன்மை தராது. இரவு முழுவதும் சார்ஜில் கிடந்தால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற அச்சமும் தேவையில்லை, நிரம்பியதும் போனே நிறுத்திக்கொள்ளும். உண்மையான எதிரி வெப்பம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வது, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மணிக்கணக்கில் கேம் ஆடுவது, வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் போனை விட்டுச் செல்வது ஆகிய மூன்றையும் விட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. எப்போதும் முழு சார்ஜில் இருப்பதும் தேய்மானத்தைக் கூட்டும் என்பதால், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் இயக்கிக்கொள்ளலாம். நாள் முழுவதும் வெளியில் அலைபவர்களுக்கு அது தொல்லையாகவே முடியும், அவர்கள் தாராளமாக நிரப்பிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களிடம் விட்டுக்கொடுத்தல் கிடையாது. உறையைக் கழற்றிவிட்டுப் போனைச் சமதளமான மேசையில் மல்லாக்க வைத்து மெல்லச் சுற்றிவிடுங்கள். முன்பு சுற்றாத போன் இப்போது தங்குதடையின்றிச் சுற்றினாலோ, திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் சார்ஜ் செய்யாதீர்கள். அழுத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் காணொளிகளை நம்பவே வேண்டாம், தீப்பிடிக்கும். அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாதபடி வைத்துக் கொண்டுவாருங்கள். கழற்றிய பேட்டரியை மறுசுழற்சிக்கே அனுப்ப வேண்டும் என்பதால் குப்பையில் போடுவதற்காகத் திருப்பிக் கேட்டாலும் நாங்கள் தருவதில்லை.

புதுப் போன் வாங்குங்கள் என்று நாங்களே சொல்லும் தருணமும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்ட போனில் வங்கிச் செயலி வைத்திருப்பவருக்குப் புதுப் பேட்டரி பொருத்திக் கொடுப்பது எங்களுக்கு வருமானம்தான், அவருக்கு நன்மை அன்று. திரை, சார்ஜிங் போர்ட், பேட்டரி மூன்றும் ஒருசேரப் பழுதான போனுக்கும் இதே பதில்தான்.

மாற்றுவது என்று முடிவானால் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பெரும்பாலான போன்கள் பசையால் ஒட்டப்பட்டவை. திறந்து மூடும்போது புதிய பசை இடுகிறோம் என்றாலும், நீர்புகாத் தன்மை பழையபடி இருக்கும் என்று எங்களால் உறுதி கூற இயலாது. சில மாடல்களில் தயாரிப்பாளரின் அசல் பேட்டரி இல்லையெனில் செட்டிங்ஸில் ஓர் அறிவிப்பு தோன்றும். எந்த வகைப் பேட்டரி பொருத்துகிறோம் என்பதை வேலை தொடங்கும் முன்பே ரசீதில் எழுதித் தருவோம். போனைத் தரும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். பேட்டரி வேலைக்கு உங்கள் லாக் எண் எங்களுக்குத் தேவையில்லை. எங்கள் ஊழியர் யாரேனும் கேட்டாலும் சொல்ல வேண்டாம், சோதிக்கும்போது நீங்களே திறந்து காட்டினால் போதும்.

இப்படிக்கு,
பழுதுபார்ப்புப் பிரிவு