ஜவுளிக்கடை அண்ணாச்சிகளுக்கு, பழைய பில்லிங் பெண் எழுதுவது

மரியாதைக்குரிய ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தங்கை மகள் சடங்குக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். இரண்டாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. எனக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளை, பக்கத்தில் நின்றவளிடம் உதடு அசையாமல் "மழை வருது" என்றாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஓரெட்டு பின்னால் நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்கள். அலமாரிக்கும் கவுண்டருக்கும் நடுவே இருந்த அந்த இடுக்கு வழியாக ஃப்ளோர் சூப்பர்வைசர் மெதுவாக நடந்து போனார்.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2009 முதல் ஒன்பது வருடம் நான் வேறொரு ஊரில், வேறொரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். முதல் நான்கு வருடம் சேலைப் பிரிவு, அப்புறம் பில்லிங். எங்களுக்கு "ஜரிகை குத்துது" என்று ஒரு வார்த்தை இருந்தது. உரசிக்கொண்டு போகிற ஆள் வருகிறார் என்று அர்த்தம். யாராவது அப்படிச் சொன்னால் எல்லோரும் சுவர்ப்பக்கம் ஒதுங்குவோம். குடோனுக்கு ஸ்டாக் எடுக்க ஒருத்தியைக் கூப்பிட்டால், கூப்பிடாமலே இன்னொருத்தியும் பின்னால் போவாள். கேட்டால், "கட்டு கனமா இருக்கும்ணே, ஒரு கை பிடிக்கணும்" என்போம். புதிதாகச் சேரும் பிள்ளைக்குச் சேலை மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்போம்.

அதனால், "எது தொந்தரவு, எது சகஜம் என்று எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் கடையில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது.

வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தல் எது என்பதைச் சட்டமும் ஒன்றும் மறைத்துச் சொல்லவில்லை. உடம்பைத் தொடுவது, நெருங்குவது, பாலியல் நோக்கத்தோடு ஒன்றைக் கேட்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இன்னும் அந்த வகையில் அவள் விரும்பாத எந்தச் சொல்லும் செய்கையும் அதற்குள் வரும். வார லீவைக் கையில் வைத்துக்கொண்டு "கேக்குறபடி கேட்டா கெடைக்கும்" என்பதும், இணங்காதவளைத் தீபாவளிக் கூட்டத்தில் நாள் முழுக்கப் படிக்கட்டு ஓரத்தில் நிறுத்துவதும் கூட. அவளுக்கு அது வேண்டாததா என்பதே கேள்வி. "அவதான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாளே" என்பார்கள். அண்ணாச்சி, சிரிக்கச் சொன்னது நீங்கள். யூனிபார்ம் சேலை, தலையில் பூ, முகத்தில் சிரிப்பு, இந்த மூன்றும் இல்லாமல் ஃப்ளோருக்கு வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறீர்கள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு கடை சாத்தும்வரை சிரிக்கும் ஒரு பிள்ளையின் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு தொல்லை, "அண்ணன்" என்ற சொல். கடையில் எல்லோரும் அண்ணன்தான். சூப்பர்வைசர் அண்ணன், குடோன் அண்ணன், வேன் டிரைவர் அண்ணன். ஊரிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாவிடம் நீங்களும், "கவலைப்படாதீங்க, எல்லாம் ஒரே குடும்பம், அண்ணன் தங்கச்சியாத்தான் பழகுவாங்க" என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல் யாருக்குக் காவலாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? "அண்ணன் என்னை இப்படிச் செய்தார்" என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்லவே முடியாது. சொன்னாலும் கேட்பவர், "அண்ணன் மாதிரி நெனச்சுத் தட்டியிருப்பாருமா" என்று முடித்துவிடுவார்.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பிள்ளை, வயது பத்தொன்பது. இரவு ஸ்டாக் எண்ணும்போது குடோனில் நடந்ததை மெஸ்ஸில் தட்டைக் கழுவிக்கொண்டே கேஷ் கவுண்டர் அக்காவிடம் சொன்னாள். அக்கா நேராக முதலாளியிடம் போனார். முதலாளி கோபப்படவில்லை, நல்லவிதமாகவே கேட்டார். "நான் பாத்துக்கிறேன், வெளிய தெரிய வேண்டாம், பொம்பளப்பிள்ள வாழ்க்கை" என்றார். மறுநாள் அவளைக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் அவள் அப்பா தோளில் துண்டோடு, ரெக்சின் பையோடு, பில்லிங் ஓரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு பட்டுச்சேலையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சேலைக்கு பில் போட்டது நான். நூறு சதவீதம் தள்ளுபடி. குடோன் அண்ணன் அடுத்த வருடம் புதுக் கிளைக்கு மேனேஜராகப் போனார்.

இது 2014இல் நடந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பர் 9ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டப்படி பார்த்தால், எங்கள் முதலாளி பெருந்தன்மையாகச் செய்த ஒவ்வொன்றும் தப்பு. சமரசம் என்பது பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான் பேசலாம், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. விசாரணை முடியும்வரை இடம் மாற்றுவதென்றால் அவள் எழுதிக் கேட்க வேண்டும். அவளை மட்டுமல்ல, அந்த ஆளையும் மாற்றலாம். மூன்று மாதம் வரை அவளுக்குத் தனியாக லீவு கொடுக்கலாம். எங்கள் கடையில் அந்த ஆள் ஒரு நாள்கூடக் குடோன் சாவியை இடுப்பிலிருந்து கழற்றவில்லை.

கடையில் நடப்பதற்கு முதலாளி ஏன் பொறுப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்பவர் அரசுத் திட்டம் ஒன்றில் கிராமப் பணியாளராக இருந்தார். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் பார்த்ததற்காக 1992இல் அவரைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள். பன்வாரி தேவி செய்தது தனக்குக் கொடுத்த வேலையை. வேலை கொடுத்தவர்கள் அவரைக் காக்கவில்லை. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், அதிலிருந்துதான் 1997இல், வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, விசாகா வழிகாட்டு நெறிகள் வந்தன. வேலை கொடுப்பவனுக்குப் பாதுகாப்பும் கடமை என்பது அன்றிலிருந்து இருக்கிறது. சட்டமாவதற்கு இன்னும் பதினாறு வருடம் ஆனது.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை வாங்கி விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். உங்களில் பலர் இதை வைத்திருக்கிறீர்கள், ஆடிட்டர் சொன்னதால். நான் இப்போது கணக்கு எழுதுகிற வேலையில் சில கடைகளுக்குப் போய் வருகிறேன், அதனால் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் குழுவின் பெயர்ப் பட்டியல் முதலாளி நாற்காலிக்குப் பின்னால், குபேரன் படத்துக்குப் பக்கத்தில், ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. தலைவர் முதலாளியின் மருமகள். கடையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது, தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து போவார். வெளி உறுப்பினர் குடும்ப நண்பர். மிச்சம் இரண்டு பேர் மேனேஜர்கள். அந்த அறைக்குள் ஒரு சேல்ஸ் பெண் போவதென்றால் ஒன்று சம்பளம் பிடிக்க, இல்லை வேலையை விட்டு அனுப்ப. குபேரன் அந்தப் பட்டியலை நன்றாகப் படித்திருப்பார்.

தலைவர் அங்கேயே வேலை செய்யும் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்கள். வெளி ஆள், பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பிலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். நான்கு ஊரில் கிளை இருந்தால் நான்கு குழு. குழு யார், தப்புச் செய்தால் என்ன ஆகும் என்பதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். எங்களைக் கேட்டால், பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம். அங்கேதான் ஒரு பிள்ளை யாரும் பார்க்காமல் நின்று படித்து நம்பரைக் குறித்துக்கொள்ள முடியும். அடுத்தது மெஸ், அப்புறம் ஹாஸ்டல் வேன். நீங்கள் விடும் வேனும் சட்டத்தின் கணக்கில் பணியிடம்தான்.

புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இது எனக்குப் போதாது என்றுதான் படுகிறது. ஊருக்குப் போய் அம்மா மடியில் படுத்துச் சொல்லவே பொங்கல் வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் குழு இருப்பது சேர்ந்த அன்றே தெரிய வேண்டும் என்கிறேன். எழுதத் தெரியாதவளுக்குக் குழுவே உட்கார்ந்து எழுத உதவ வேண்டும். அவள் போலீசுக்குப் போக நினைத்தால் அதற்கும் நீங்கள் துணை நிற்க வேண்டும். புகாரே உங்கள் மேல் என்றால், மன்னிக்கணும், அது மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகும்.

பொய்ப் புகார் வந்துவிடுமே என்கிறீர்கள். வேண்டுமென்றே பொய் சொன்னாள் என்று விசாரணையில் தெரிந்தால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போனதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். குடோனில் சாட்சிக்கு யார் இருப்பார்கள்?

வாடிக்கையாளரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவிக்குச் சேலை எடுக்க வருபவர், "உங்க தோள்ல போட்டுக் காட்டுங்க, இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க" என்று பத்துச் சேலை போட வைப்பார். கடைசியில் கர்ச்சீப் வாங்கிக்கொண்டு போவார். மேலே சொன்னால், "கஸ்டமர் தெய்வம்மா" என்று பதில் வரும். கடைக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளி கடமை என்று சட்டம் சொல்கிறது. மூன்றடிக்கு ஒரு பொம்மை நிற்கிறதே, அதில் போட்டுக் காட்டலாம்.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னபோது, வியாபாரம் கெட்டுவிடும் என்றார்கள். இன்று பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. வியாபாரம் ஒன்றும் கெடவில்லை. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார், குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே சூப்பர்வைசர். அதன்பின் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நின்று போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்ல வைத்தார்கள். ஓர் உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு அது. உங்களிடம் நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை.

குழு வைக்காவிட்டால் அபராதம் ஐம்பதாயிரம் வரை. தீபாவளி சமயத்தில் பட்டுப் பிரிவில் அரை மணி நேர வியாபாரம் அது என்பது பில் போட்ட எனக்குத் தெரியும். அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை.

ஆடித் தள்ளுபடி வருகிறது. புதுப் பிள்ளைகளை இந்த மாதமே எடுக்க ஆரம்பித்திருப்பீர்கள். யூனிபார்ம் சேலை கொடுக்கும் அன்றே, மேனேஜர் யாரும் இல்லாமல், உங்கள் கடையில் ரொம்ப வருடம் இருக்கும் அக்கா ஒருவரை அவர்களோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குழுவில் யார் யார், எந்த நம்பர் என்று அவர் சொல்லட்டும். அந்த அக்காவையே குழுவில் போடுங்கள். குடோனுக்கு இரண்டு சாவி செய்து, ஒன்றை அவரிடம் கொடுங்கள். உள்ளே மூலையில் இருக்கும் அந்த ட்யூப்லைட்டையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பது வருடம் உங்களில் ஒருவர் கடையில் நின்றவள்